கட்டிலுக்குக் கீழே ஒளித்த அம்மி

இது நடந்து மூன்று கோடை போய்விட்டது. யூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகிற பெரிய நெடுஞ்சாலையில், பரி பட்டினத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நடந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். மகளிடம் சொல்லி எழுதுவித்தால் அவள் என் பக்கத்தை நல்லாக்கி எழுதிப்போடுவாள். எனக்கு அது வேண்டாம்.

ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கத்தில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். மகள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பனி கொட்டுகிற தை மாதத்தில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு வேறு எதை ஓட்டவும் பயமில்லை. அவளுக்கு ஒரு ட்ரெயிலர் வாங்க ஆசை. அது சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி எல்லாம் இருக்கும். ட்ரக்கின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய்க் காட்டோரம் நிறுத்தித் தங்கலாம். மருமகன், உன்னால் இழுக்க ஏலாது என்றார். மகள் பழையது ஒன்றைப் பார்த்து வாங்கி, ஒரு மாதம் படித்தாள். போனில் படம் பார்த்தாள், புத்தகம் பார்த்தாள், வெறும் வளவொன்றில் கொண்டுபோய்ப் பின்னுக்கு எடுக்கப் பழகினாள். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு ஏலாது என்று ஒருவர் சொன்னால் போதும்.

ஒவ்வொரு கோடைக்கும் எங்கள் சொந்தக்காரர் எட்டுக் குடும்பம் சேர்ந்து காட்டோரம் தங்கக் காம்ப் போவோம். முதல் நாள் பின்னேரம் கூழ் காய்ச்சுவது என் பொறுப்பு. நண்டு, மீன், இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் போட்டு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கரைத்து விட்டுப் பெரிய பானையில் காய்ச்சுவேன். முதல் வருடம் வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்த் தூளைப் போட்டுக் காய்ச்சினேன். சம்மந்தி அம்மா, அதாவது மருமகனுடைய தாய், ஒரு வாய் குடித்துவிட்டு எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"நல்லாயிருக்கு சம்மந்தி. ஆனா உது கூழ் இல்லை, சூப்பு."

அந்தச் சொல் ஒரு வருடமாக என் காதுக்குள் கிடந்தது. கூழுக்குச் செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்துத்தான் போட வேண்டும். அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். அடுத்த முறை அம்மியோடு போவதென்று அன்றே முடிவெடுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

போவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, மகள் ட்ரெயிலரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் விருந்தாளிகள் கார் விடுகிற இடத்தில் நிறுத்தினாள். என்ன சாமான் எங்கே போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதன்படி எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதான் ஹிட்ச் என்கிற இணைப்பைப் பூட்டத் தொடங்கினாள். அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை விளங்காது.

ட்ரக்கின் வாலில் ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. ட்ரெயிலரின் மூக்கை அதன் மேல் இறக்கிப் பூட்டுவார்கள். வெறுமனே அப்படிப் பூட்டினால் ட்ரெயிலரின் மூக்கு ட்ரக்கின் பின்பக்கத்தை அமத்தும். பின்பக்கம் பதிந்தால் முன்பக்கம் எழும்பும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் சொல்வழி கேளாது. அதற்காக இரண்டு நீட்டு இரும்புத் தண்டுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு முனை ட்ரக்கின் வாலில் இருக்கும், மற்ற முனையைச் சங்கிலியால் தூக்கி ட்ரெயிலரின் இரண்டு பக்கத்திலும் கொழுவுவார்கள். சங்கிலியை இறுக்க இறுக்க, பின்னுக்கு விழுந்த பாரத்தில் ஒரு பங்கு திரும்ப முன்சக்கரத்துக்குப் போகும். எத்தனையாவது வளையத்தில் கொழுவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட இறுக்கினாலும் பிழை, குறைய இறுக்கினாலும் பிழை.

சரியோ பிழையோ என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ட்ரக்கின் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும் என்றாள். பூட்டுவதற்கு முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை, தண்டுகளைக் கொழுவிய பின் ஒருமுறை. கடைசி அளவு முதல் அளவுக்குக் கிட்ட வந்துவிட வேண்டும்.

என்னை அளவு நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொன்னாள். இலக்கம் எனக்குத் தெரியும். அந்த நாடாவில் இருக்கிற குட்டிக் குட்டிக் கோடுகள் தெரியாது, அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. உன்னுடைய நாடாவை நீ வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உடுப்புக் காயவிடுகிற நைலோன் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். ஒரு நுனியை நிலத்தில் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை நிமிர்த்திப் பிடித்து, வளைவு வருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். பூட்டினதும் வளைவு எழும்பியது. அங்கே இரண்டாவது முடிச்சு. தண்டுகளைக் கொழுவினதும் இறங்கி, முதல் முடிச்சுக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது. அங்கே மூன்றாவது.

சம்மந்தி அம்மாவும் எங்களோடு வருவதாக இருந்தபடியால் அன்று காலையே அஜின்கோர்ட்டிலிருந்து வந்து, வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு முடிச்சும் விழுந்திட்டுது," என்றார். "இனி ட்ரக்கும் ட்ரெயிலரும் புருசன் பெஞ்சாதி. பிரிஞ்சால் வழக்குத்தான்."

மகள் நாடாவால் அளந்து பார்த்தாள். என் கயிறு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. மகள் ட்ரெயிலரின் கதவைச் சாத்தி, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, இனி இதுக்குள்ளை ஒரு ஊசிகூட ஏறக்கூடாது. விளங்குதோ?"

ஓம் என்றேன். விளங்கவில்லை. எல்லாம் ஏற்றியாகிவிட்டது, இனிக் குழப்பாதே என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கயிறு பிசகாதவள் போய்க் கேள்வி கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் மகள் சமையல் வாயு வாங்கப் புருசனுடைய காரை எடுத்துக்கொண்டு போனாள். சம்மந்தி அம்மா சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் படுத்தார். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு ஜமேக்காக்காரர் இருக்கிறார். நல்ல மனுசன், பனி காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்து வழிக்கிறவர். அவரைக் கூப்பிட்டு அம்மியைக் காட்டினேன். என்ன ஏது என்று கேளாமல் தூக்கினார். ட்ரெயிலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டில், அதற்குக் கீழே ஒரு பெட்டி மாதிரி இடம், வெளியிலிருந்து திறக்கிற சின்னக் கதவு. அதற்குள் அம்மியும் குழவியும் போயின.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கதவு திறந்து இடம் இருக்கக் கண்டால் எங்கள் கை சும்மா இராது. காம்பில் சோறு போதாமல் போனால் என்ன செய்வது என்று அரிசி மூட்டை இரண்டு போயின. காம்புத் தண்ணீரில் காய்ச்சினால் கூழ் ருசிக்காது என்று பெரிய தண்ணீர்ப் போத்தல் மூன்று. நண்டும் மீனும் ஐஸ் போட்ட பெட்டி ஒன்று, அதை மகள் ட்ரக்கில் வைக்கச் சொல்லியிருந்தாள், ட்ரக்கில் இருந்தால் சம்மந்தி அம்மா மணக்கிறது என்பார். தேங்காய் ஒரு சாக்கு. எல்லாம் அந்தக் கட்டிலுக்குக் கீழே. ஜமேக்காக்காரருக்கு மீன் கட்லட் எட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகள் வந்து என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டபோது படுத்திருந்தேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். மருமகனுக்கு வேலை, மறுநாள் வருவதாக இருந்தார். மகள் ஓட்ட, நான் முன்னால், சம்மந்தி அம்மா பின்சீட்டில். ரொறன்ரோ தாண்டும் மட்டும் வாகன நெரிசல், மெல்லத்தான் போனோம். ஒன்றும் தெரியவில்லை. பரி தாண்டி றோட்டு வெளித்ததும் மகள் கொஞ்சம் வேகம் பிடித்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியதைக் கண்டேன். ட்ரக்கைப் பின்னாலிருந்து யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பது போல இடமும் வலமுமாக இழுத்தது. காற்று என்றாள். 

ஓர் இறக்கத்தில் நீட்டு லொறி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது கடந்த காற்றில் ட்ரெயிலர் வால் வீசத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு பெரிதாக. நாய் வாலாட்ட, நாயே சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும், அப்படி ட்ரக்கும் சேர்ந்து ஆடியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் ஒருமுறை எங்கள் ட்ரெயிலரின் வெள்ளைச் சுவர் தெரிகிறது, ஒருமுறை அதைக் காணவில்லை. சம்மந்தி அம்மா பின்னால் முருகா முருகா என்று தொடங்கிவிட்டார். எனக்கு அந்தப் பெயரும் வாயில் வரவில்லை.

மகள் பிறேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேரே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் பிடிக்கிற சின்ன விசையொன்றைப் பெருவிரலால் மெல்லத் தள்ளினாள். ஆட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறைந்து நின்றது. ட்ரக்கின் மிதியை மிதித்திருந்தால் கவிழ்ந்திருப்போம் என்று பிறகு சொன்னாள். அவள் ஒரு மாதம் படித்த படிப்பு அந்தக் காற்பங்கு நிமிடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நெடுஞ்சாலையோரம் வாகனங்கள் தங்கிப் போகிற அடுத்த சேர்விஸ் சென்ரர் மட்டும் ஊர்ந்து போய், ட்ரெயிலர்கள் நிற்கிற நீட்டு இடத்தில் நிறுத்தினாள். இறங்கி முன்சக்கரத்தடியில் போய்க் குந்தினாள்.

"அம்மா, உங்கடை கயித்தைத் தாங்கோ."

கயிறு டாஷ்போட்டுக்குள் கிடந்தது. நிலத்தில் மிதித்துப் பிடித்தேன். வளைவு மூன்றாவது முடிச்சில் இல்லை. முதல் முடிச்சிலும் இல்லை. அதற்கும் இரண்டு விரல் கீழே கிடந்தது.

மகள் சங்கிலியைப் போய்ப் பார்த்தாள். கொழுவிய வளையத்திலேயே இருந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ட்ரெயிலரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்பிக் கோப்பையோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த தலையை ஒற்றைப் பின்னலாகப் பின்னியிருந்தார். தனியத்தான் ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு திரிகிறவர் என்று பிறகு அறிந்தோம். நாங்கள் ஆடிக்கொண்டு உள்ளே வந்ததை அவர் கண்டிருக்க வேண்டும். மகளோடு இங்கிலீசில் கதைத்தார். என் கயிற்றை வாங்கி மூன்று முடிச்சையும் பார்த்தார், மகள் விளக்கம் சொன்னாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஏதோ கேட்டார். மகள் தலையசைத்து இல்லையென்றாள். அவர் திரும்பவும் கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இதைச் செட் பண்ணினாப் பிறகு ஏதும் ஏத்தினதோ எண்டு கேக்கிறா. நாங்கள் ஒண்டும் ஏத்தேல்லைத்தானே அம்மா?"

சம்மந்தி அம்மா ட்ரக்கிலிருந்து இறங்கி, வேர்வையைத் துடைத்தபடி என் பக்கத்தில்தான் நின்றார். போன வருடம் சூப்பு என்றவர். இந்த வருடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எட்டுக் குடும்பத்துக்கும் பின்னேரத்துக்கிடையில் கதை போய்விடும்.

"இல்லை," என்றேன்.

இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் வாய் கைக்கிறது.

அப்படியென்றால் தண்டுகளை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன் போல என்று மகள் தன்னையே நொந்துகொண்டாள். வந்தவருக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை, ஆனால் மகள் சொல்வதை அவர் என்னவென்று மறுப்பார். மகள் இரண்டு பக்கமும் சங்கிலியை ஒரு வளையம் தளர்த்திக் கொழுவினாள். அந்தத் தண்டைத் தூக்கி மாட்டுவது லேசில்லை, ஓர் இரும்புக் குழாயைச் செருகி நெம்ப வேண்டும். கையுறைக்குள்ளும் உள்ளங்கை சிவந்துபோயிற்று. திரும்பக் கயிறு பிடித்தோம். வளைவு மூன்றாவது முடிச்சில் வந்து பொருந்தி நின்றது.

"சரி வந்திட்டுது," என்றாள் மகள். "ஏறுங்கோ, போவம்."

சம்மந்தி அம்மா ஏறிப் பெல்ட்டும் போட்டுவிட்டார். நான் கயிற்றோடு நின்றேன். கயிறு சரியென்கிறது. ஆனால் உள்ளே கிடக்கிற அம்மி அங்கேயே கிடக்கிறது. என் மனம் வக்கீல் மாதிரி வாதாடியது: இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தானே, மெல்லத்தானே ஓட்டுவாள், கயிறே சரியென்கிறதே, நீ ஏன் வாயைத் திறக்கிறாய்.

மகள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, எனக்கென்றில்லாமல் தனக்குச் சொல்வது போலச் சொன்னாள்:

"பின்னாலை வந்த நீலக் காருக்குள்ளை ஒரு சின்னப்பிள்ளை இருந்தது. ட்ரெயிலர் ஆடேக்கை கண்ணாடியிலை கண்டனான். எங்களிலை இடிச்சுப் போடுமெண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்குப் போனாள். 

"பிள்ளை, ட்ரக்கை எடுக்காதை," என்றேன். "பின்கட்டிலுக்குக் கீழை அம்மி கிடக்கு."

"என்ன அம்மி?"

"எங்கடை அம்மி. குழவியும். அரிசி மூட்டை ரெண்டு, தண்ணி மூண்டு போத்தல், நண்டுப் பெட்டி, தேங்காய். நேற்று மத்தியானம் ஏத்தினனான். நீ கேட்டனி, நான் இல்லையெண்டனான்."

மகள் பின்னுக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறந்தாள். பார்த்தாள். பிறகு ட்ரெயிலரின் படியில் போய் இருந்துவிட்டாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கோப்பிக்காரப் பெண் இன்னும் போகவில்லை. மகள் எழும்பி அவருக்குச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, மகளைப் பார்த்து நிதானமாகக் கதைத்தார், மகள் எனக்குச் சொன்னாள். பாரம் ட்ரெயிலரின் சக்கரத்துக்குப் பின்னால் போனால் மூக்கு லேசாகிவிடும். மூக்கு லேசான ட்ரெயிலர் வால் வீசும். அந்தத் தண்டுகள் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும், பிழையான இடத்தில் ஏற்றின பாரத்தை அவை திருத்தாது. நீங்கள் இப்போது தளர்த்தினதில் அளவு மட்டும் சரியாகியிருக்கிறது, ஆட்டம் முன்னதைவிடக் கூடும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அதுவும் சட்டென்று. சாமான் வாங்க நான் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற இரண்டு சக்கரத் தள்ளுவண்டி இருக்கிறதே, அதில் பூசணிக்காயைச் சக்கரத்துக்கு அங்காலே தொங்கவிட்டால் கைபிடி கையை விட்டு எழும்பும். இத்தனை வருடம் கையால் அறிந்த விசயம். ட்ரெயிலர் என்றதும் அது வேறு, படித்தவர்களுடையது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் கடைசியாக ஒன்று சொன்னார். மகள் அதை உடனே சொல்லவில்லை. நான் கேட்டபிறகு சொன்னாள்: "கன பேர் கடைசி மட்டும் சொல்லமாட்டினமாம். சொல்லுற ஆளோடை றோட்டிலை போகலாமாம்."

பிறகு வேலை தொடங்கியது. நான் போய் அரிசி மூட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. மற்ற முனையை ஒரு கை பிடித்தது. பார்த்தால் சம்மந்தி அம்மா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு மூட்டையையும் இழுத்துக்கொண்டுபோய் ட்ரெயிலரின் முன்பக்கத்தில் வைத்தோம். அம்மியை மகளும் அந்தப் பெண்ணும் ஒரு போர்வையில் வைத்துத் தூக்கி, ட்ரக்கின் பின்னால் திறந்திருக்கிற சாமான் பெட்டிக்குள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். குழவியும் நண்டுப் பெட்டியும் தேங்காய்ச் சாக்கும் அங்கே போயின. தண்ணீர்ப் போத்தல் மூன்றையும் நான் திறந்து, அங்கே நின்ற சின்ன மரங்களுக்கு ஊற்றினேன். ஒருவரும் ஊற்றச் சொல்லவில்லை. காம்புத் தண்ணீரில் காய்ச்சித்தான் பார்ப்போமே.

தண்டுகளைத் திரும்பக் கொழுவ மகள் இரும்புக் குழாயை எடுத்தாள். அந்தப் பெண் மறித்தார். ட்ரெயிலரின் மூக்கில் ஒரு ஜாக் இருக்கிறது, நிற்கும்போது தாங்குவதற்கு. பூட்டினபடியே அந்த ஜாக்கைச் சுழற்றினால் ட்ரெயிலர் மூக்கும் ட்ரக்கின் வாலும் சேர்ந்து எழும்பும், தண்டு தளரும், சங்கிலியைக் கையாலேயே கொழுவிவிடலாம். எங்களைப் போல வயது போனவர்களுக்கு இதுதான் வழி என்று சொல்லிவிட்டு, ஜாக்கின் கைபிடியைக் காட்டி என்னைப் பார்த்தார். நான் போய்ச் சுழற்றினேன். எனக்கு முழங்கால் வருத்தம், தோளும் சரியில்லை. ஆனால் விடவில்லை. சுற்றச் சுற்ற அந்தப் பெரிய ட்ரக்கின் பின்பக்கம் அரை அரை விரலாக எழும்பியதைக் கண்டேன். மகள் வீட்டில் கொழுவின பழைய வளையத்திலேயே சங்கிலியைக் கொழுவினாள். ஜாக்கை இறக்கினேன். நானே முழங்காலில் இருந்து கயிற்றைப் பிடித்தேன்.

மூன்றாவது முடிச்சுக்குக் கிட்ட. ஒரு நூல் கீழே. அந்தப் பெண் அது காணும், போதும் என்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. பருத்தித்துறை வடை ஒரு பை கொடுத்தேன். ஒன்றைக் கடித்தார், உறைப்பில் கண் கலங்கிவிட்டது, இன்னொன்றை எடுத்தார். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

மிச்ச வழி ட்ரக் தண்டவாளத்தில் போவது போலப் போனது. இரண்டு லொறி தாண்டியும் அசையவில்லை.  காம்புக்குக் கிட்டப் போகும்போது சம்மந்தி அம்மா பின்னாலிருந்து சொன்னார்:

"அம்மி கனம்தான். ஆனா அந்த இல்லையெண்ட சொல்லு அதைவிடக் கனமாயிருந்திருக்கும் என்ன, சம்மந்தி?"

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மியில் மிளகாய் அரைத்துக் கூழ் காய்ச்சினேன். எட்டுக் குடும்பமும் சுற்றி இருந்தார்கள். சம்மந்தி அம்மா யாருக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. எப்போது தொடங்குவார் என்று நானும் பார்த்தபடி அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தேன். தொடங்கவில்லை. அவர் காப்பாற்றி நான் மரியாதையோடு இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கூழை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நானே எல்லாருக்கும் சொன்னேன், அம்மி ஏற்றினதும், இல்லையென்றதும், நீலக் காரும், ஒன்றும் விடாமல்.  பிறகு சம்மந்தி அம்மா தன் கோப்பையை நீட்டினார். இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் ஜாக் சுழற்றுவதும் கயிறு பிடிப்பதும் என் வேலை. வெளிக்கிட முன் மகள் என்னைப் பார்த்து, அம்மா ஊசி ஏதும் ஏறினதோ என்று கேட்பாள். போன வருடம், ஓம், ஒரு போத்தல் ஊறுகாய் பின்னுக்கு இருக்கு என்றேன். எடுத்து முன்னுக்கு வைத்தோம்.

கயிறு இன்னும் ட்ரக்குக்குள்தான் கிடக்கிறது, முடிச்சுகள் ஊத்தையாகிவிட்டன. அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது இதுதான்: நான் போட்ட முடிச்சு ஒருநாளும் பிசகினதில்லை, ஆனால் என் வாய் மூடிக் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கயிறும் எனக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது.